அவசரப்படாத சிப்

போனில் அரை மணி நேரம் கேம் ஆடிவிட்டு அதன் முதுகைத் தொட்டுப் பார்த்திருக்கிறாயா, கண்ணு? சுடும். அதே போனில் பாட்டு மட்டும் கேட்டால் அவ்வளவு சூடு தெரியாது. பேட்டரியும் நெடுநேரம் தாங்கும்.

"ஏன் அப்படி?" என்று ஒரு தடவையாவது யோசித்திருந்தால், சபாஷ்! கணினி அறிவியல் பேராசிரியர்கள் 30 வருஷமாகத் துருவிக்கொண்டிருக்கும் விஷயத்தில் நீயும் கை வைத்துவிட்டாய். வா, பக்கத்தில் உட்கார். ஒரு பென்சிலும் கட்டம் போட்ட நோட்டும் எடுத்துக்கொள். இன்றைக்குக் கொஞ்சம் கணக்கும் உண்டு. பயப்படாதே, பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

போனுக்குள் விரல் நகம் அளவில் ஒரு சிப் இருக்கிறது. அதுதான் எல்லாக் கணக்கையும் போடுகிறது. அது எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். வேலை இல்லாதபோது தூங்கவும் வைக்கலாம். அப்படியானால் எப்போது வேகமாக ஓட வேண்டும், எப்போது மெதுவாக, எப்போது தூங்க வேண்டும்? அதைத் தீர்மானிக்க ஒரு படிப்படியான வழிமுறை வேண்டும். அந்த வழிமுறையைத்தான் அல்காரிதம் என்கிறோம்.

ஜெர்மனியில் மியூனிக் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சூசன்னே ஆல்பர்ஸ் என்ற பேராசிரியை இருக்கிறார். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் அல்காரிதங்களைப் பற்றி வருஷக்கணக்கில் ஆராய்ந்தவர். 2008இல் அவருக்கு லைப்னிட்ஸ் பரிசு கிடைத்தது. ஜெர்மனியில் ஆராய்ச்சிக்காகத் தரும் மிகப் பெரிய பரிசுகளில் அது ஒன்று. அவர் என்ன கண்டார் என்று சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் நீ சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்வர வேண்டும்.

காலை 9 மணிக்குப் பள்ளி மணி அடிக்கும். அதற்குள் நீ வாசலில் இருக்க வேண்டும். இதற்குப் பெயர் கெடு. மெதுவாக மிதித்தால் முகத்தில் காற்று சும்மா தடவிவிட்டுப் போகும். வேகமாக மிதித்தால் முகத்தில் அறையும், இல்லையா? அந்தக் காற்றை நீதான் தள்ளிக்கொண்டு போகிறாய். வேகத்தை இரண்டு மடங்காக்கினால், ஒவ்வொரு வினாடியும் நீ செலவழிக்கும் சக்தி இரண்டு மடங்காக ஆகாது. காற்றைத் தள்ளுவதற்கு மட்டுமே எட்டு மடங்கு வேண்டும்! 2 × 2 × 2. மூன்று முறை பெருக்க வேண்டும்.

"ஆனால் மாமா, இரண்டு மடங்கு வேகத்தில் போனால் பாதி நேரத்தில் போய்விடுவேனே!" என்கிறாயா? சமத்து! சரியான இடத்தில் பிடித்துவிட்டாய். வினாடிக்கு எட்டு மடங்கு, நேரமோ பாதி. எட்டைப் பாதியாக்கினால் நான்கு. அதே தூரத்துக்கு நான்கு மடங்கு சக்தி செலவு. மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கிறது என்றால், அந்த நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டு சீராகப் போகிறவன்தான் களைக்காமல் போய்ச் சேருவான்.

சிப்பும் ஏறக்குறைய இப்படித்தான். அதற்குள் கோடிக்கணக்கான நுண்ணிய சுவிட்சுகள் இருக்கின்றன. வேகம் இரண்டு மடங்கானால் வினாடிக்கு இரண்டு மடங்கு முறை அவை மாறி மாறி விழ வேண்டும். அது ஒரு இரண்டு. அவ்வளவு வேகமாக விழ, வோல்டேஜையும் கூட்ட வேண்டும். வோல்டேஜ் இரண்டு மடங்கானால் செலவு நான்கு மடங்காகும். இரண்டையும் நான்கையும் பெருக்கு. எட்டு! ஒவ்வொரு சிப்பிலும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். நாம் கணக்குக்கு எட்டு என்றே வைத்துக்கொள்வோம்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. 2000ஆம் ஆண்டு ஜனவரியில் இன்டெல் நிறுவனம் மடிக்கணினிகளுக்காக ஒரு பென்டியம் 3 சிப் கொண்டுவந்தது. கரண்ட் பிளக்கில் செருகியிருந்தால் 650 மெகாஹெர்ட்ஸ் வேகம், 1.6 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓட்டினால் 500 மெகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட். வேகம் கால்வாசிகூடக் குறையவில்லை. ஆனால் மேலே சொன்ன மாதிரி பெருக்கிப் பார், வினாடிக்கு ஆகும் செலவு கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் இது. வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் மின்சாரத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது, பார்த்தாயா!

இப்போது நோட்டைத் திற. மேலே ஒரு சின்ன அட்டவணை எழுதிக்கொள். வேகம் 1 என்றால் வினாடிக்குச் செலவு 1 அலகு. வேகம் 2 என்றால் 8. வேகம் 3 என்றால் 27. வேகம் 4 என்றால் 64. வேகம் 1 என்றால் ஒரு வினாடியில் ஒரு துண்டு வேலை முடியும், வேகம் 4 என்றால் நான்கு துண்டு. எழுதிவிட்டாயா?

முதல் கணக்கு. 16 துண்டு வேலை இருக்கிறது. 8 வினாடி கெடு. சீராக வேகம் 2இல் ஓடினால் 8 வினாடியும் வினாடிக்கு 8 அலகு, மொத்தம் 64. இன்னொரு சிப் முதல் 4 வினாடி வேகம் 3இல் ஓடி 12 துண்டை முடித்துவிட்டு, மீதி 4 வினாடி வேகம் 1இல் ஓடுகிறது. அதற்கு எவ்வளவு? 27ஐ நாலால் பெருக்கு, 108. அதோடு 4ஐக் கூட்டு. 112! வேலை அதே 16 துண்டுதான். முடிந்ததும் அதே 8 வினாடியில்தான். செலவு மட்டும் எகிறிவிட்டது. மெதுவாகப் போன 4 வினாடியில் மிச்சப்பட்டது கொஞ்சம், வேகமாகப் போன 4 வினாடியில் கரைந்தது ஏராளம். இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. புரியவில்லை என்றால் இந்தப் பத்தியை இன்னொரு தடவை பென்சிலோடு படி. நான் காத்திருக்கிறேன்.

ஒரே ஒரு வேலை என்றால் சுலபம். பல வேலை இருந்தால்?

1995இல் அமெரிக்காவில் பிரான்சஸ் யாவ், ஆலன் டெமர்ஸ், ஸ்காட் ஷென்கர் என்ற மூன்று பேர் இதற்கு ஒரு அருமையான வழி சொன்னார்கள். கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ என்ற ஊரிலிருந்த ஜெராக்ஸ் ஆய்வகத்தில் பிறந்த யோசனை. இன்றைக்கும் இந்தத் துறைக்கு வரும் மாணவர்கள் முதலில் படிப்பது இதைத்தான். நாமே செய்து பார்ப்போம்.

நோட்டில் ஒரே வரிசையில் 10 கட்டம் எடுத்துக்கொள். ஒரு கட்டம் ஒரு வினாடி. பெரிய வேலை ஒன்று, தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 16 துண்டு, 10ஆவது வினாடிக்குள் முடிந்தால் போதும். அவசர வேலை ஒன்று, 4ஆவது வினாடி முடியும்போதுதான் வரும். 8 துண்டு, 6ஆவது வினாடிக்குள் முடிந்தாக வேண்டும். எல்லாவற்றையும் வேகம் 4இல் தட்டிவிட்டால் 24 துண்டுக்கு 6 வினாடி. 64ஐ ஆறால் பெருக்கினால் 384 அலகு. இதைவிடக் குறைக்க முடியுமா?

அந்த மூவரும் என்ன சொன்னார்கள் தெரியுமா? மிகவும் நெருக்கடியான இடத்தை முதலில் தேடு. எந்த இடைவெளிக்குள் வேலை அதிகமாக அடைந்து கிடக்கிறது? 5ஆவது, 6ஆவது கட்டங்களைப் பார். இரண்டே வினாடிக்குள் 8 துண்டு. வினாடிக்கு 4. மொத்த 10 கட்டத்தையும் எடுத்தால் 24 துண்டு, வினாடிக்கு 2.4தான். ஆக, நெருக்கடி அந்த இரண்டு கட்டத்தில். அங்கே வேகம் 4 தவிர்க்க முடியாதது. செலவு 128. கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இப்போது கத்தரிக்கோலை எடு. அந்த இரண்டு கட்டத்தையும் வெட்டி எறிந்துவிட்டு, மீதியைச் சேர்த்து ஒட்டு. 8 கட்டம் இருக்கிறது, 16 துண்டு இருக்கிறது. வேகம் 2 போதும். செலவு 64. பெரிய வேலையை வேகம் 2இல் ஆரம்பித்து, அவசர வேலை வந்ததும் நிறுத்தி வைத்து, அதை முடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி வேகம் 2இல் தொடர வேண்டும்.

128ஐயும் 64ஐயும் கூட்டு. 192! முன்னே வந்தது 384. சரிபாதி மிச்சம்! வேலைகள் இன்னும் அதிகமாக இருந்தால், திரும்பத் திரும்ப இதையே செய்ய வேண்டியதுதான். நெருக்கடியைத் தேடு, அதற்கு வேண்டிய வேகத்தைக் கொடு, வெட்டு, ஒட்டு, மறுபடி தேடு. இதைவிடக் குறைந்த செலவில் யாராலும் முடிக்க முடியாது என்பதும் நிரூபணமாகியிருக்கிறது. கத்தரிக்கோலும் காகிதமும் வைத்துச் செய்துவிடக்கூடிய ஒன்று, உலகத்திலேயே சிறந்த வழியாகவும் இருப்பது எவ்வளவு அழகு!

ஆனால் நீ சும்மா விடமாட்டாய் என்று தெரியும். "அவசர வேலை 4ஆவது வினாடியில் வரப்போவது சிப்புக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும்?" அப்படிக் கேள்!

தெரியாது. உன் அத்தை எப்போது வீடியோ கால் பண்ணுவார் என்று போனுக்குத் தெரியுமா? அதனால் அந்த மூவரே இன்னொரு வழியையும் சொன்னார்கள். இப்போது கையில் இருக்கும் வேலையை மட்டும் பார். இனி ஒன்றும் வராது என்று வைத்துக்கொண்டு சிறந்த திட்டம் போடு. புதிதாக ஒன்று வந்தால் திட்டத்தை மாற்றிப் போடு. அவ்வளவுதான்.

நம் கணக்கில் அது எப்படிப் போகும்? முதலில் பெரிய வேலை மட்டும்தான் கண்ணில் படுகிறது. 16 துண்டு, 10 வினாடி. வேகம் 1.6. நான்கு வினாடியில் 6.4 துண்டு முடிகிறது, 9.6 துண்டு பாக்கி. அப்போது அவசர வேலை வந்து நிற்கிறது. உடனே திட்டம் மாறுகிறது. அடுத்த இரண்டு வினாடிக்கு அதற்காக வேகம் 4. பிறகு பாக்கி 9.6 துண்டுக்கு நான்கு வினாடி இருக்கிறது, வேகம் 2.4. கால்குலேட்டரை எடுத்துக்கொள், பரவாயில்லை. 1.6ஐ மூன்று முறை பெருக்கி நான்கால் பெருக்கினால் ஏறக்குறைய 16. நடுவில் 128. 2.4ஐ அதேபோல் செய்தால் ஏறக்குறைய 55. மொத்தம் கிட்டத்தட்ட 200.

எல்லாம் முன்கூட்டியே தெரிந்தவனுக்கு 192. ஒன்றும் தெரியாதவனுக்கு 200. இவ்வளவுதான் வித்தியாசமா என்று எனக்கே ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கும்.

எல்லா நேரமும் இப்படி நல்லபடியாக அமையுமா? அமையாது. யாரோ வேண்டுமென்றே மிக மோசமான வரிசையில் வேலைகளைக் கொடுத்தால் என்ன ஆகும்? நிகில் பன்சால், ட்ரேசி கிம்பிரெல், கிர்க் புரூஸ் என்ற மூவர் இதை ஆராய்ந்தார்கள். நாம் வைத்துக்கொண்ட மூன்று முறை பெருக்கும் கணக்குப்படி, எவ்வளவு மோசமான வரிசை வந்தாலும் செலவு சிறந்ததைப் போல 27 மடங்குக்கு மேல் போகாது என்று நிரூபித்தார்கள். 27 பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் யோசித்துப் பார், கோடி வேலை வந்தாலும் சரி, எந்த வரிசையில் வந்தாலும் சரி, அந்த எல்லையைத் தாண்டாது என்று அடித்துச் சொல்ல முடிகிறதே! எதிர்காலம் தெரியாமலேயே இப்படி வாக்குக் கொடுக்க முடிவதுதான் இந்தத் துறையின் பெருமை.

அடுத்தது தூக்கம். சிப் வேலை இல்லாமல் சும்மா விழித்திருந்தாலும் மின்சாரம் கசியும். தூங்க வைத்தால் கசியாது. ஆனால் மறுபடி எழுப்ப ஒரு செலவு உண்டு. விழித்திருக்க வினாடிக்கு 1 அலகு, எழுப்ப 10 அலகு என்று வைத்துக்கொள். வேலை முடிந்துவிட்டது. அடுத்த வேலை எப்போது வரும் என்று தெரியாது. உடனே தூங்க வைத்தால், அடுத்த வினாடியே வேலை வந்துவிட்டால், 10 அலகு வீண். விழித்தே காத்திருந்தால், வேலை ஒரு மணி நேரம் வராவிட்டால், 3600 அலகு வீண். நீயாக இருந்தால் என்ன செய்வாய்? கொஞ்சம் யோசி. அடுத்த பத்தியைக் கையால் மூடிக்கொள்.

சரியாக 10 வினாடி விழித்திரு. அதற்குள் வேலை வராவிட்டால் தூங்கிவிடு. ஏன் 10? வேலை 10 வினாடிக்குள் வந்தால், எதிர்காலம் தெரிந்தவனும் உன்னைப் போலவே விழித்துத்தான் இருந்திருப்பான். உனக்கும் அவனுக்கும் ஒரே செலவு. அதற்கு மேல் தாமதமானால் அவன் உடனே தூங்கியிருப்பான், 10 அலகோடு முடிந்திருக்கும். உனக்கு விழித்த 10, எழுப்பிய 10, ஆக 20. எப்படிப் பார்த்தாலும் இரண்டு மடங்குக்கு மேல் போகாது. இத்தனை வினாடி என்று ஒரே நேரத்தை முடிவுசெய்துகொண்டு காத்திருக்கும் எந்த வழியாலும் இதைவிட நல்ல வாக்குக் கொடுக்க முடியாது. காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு முறையும் குலுக்கல் போட்டு மாற்றிக்கொண்டே இருந்தால், சராசரியில் ஏறக்குறைய 1.58 மடங்கு வரை குறைக்கலாம். அந்தக் கணக்கை நீ கல்லூரிக்குப் போனதும் ரசித்துப் படிப்பாய்.

இப்போது வேகத்தையும் தூக்கத்தையும் ஒன்றாக வைத்துப் பார்ப்போம். இங்கேதான் விஷயம் சூடுபிடிக்கிறது. "மெதுவாகப் போ" என்று இவ்வளவு நேரம் சொன்னேன். ஆனால் ரொம்ப மெதுவாகப் போனால் சிப் ரொம்ப நேரம் விழித்திருக்க வேண்டும். கசிவும் சேர்ந்துகொண்டே போகும்.

8 துண்டு வேலை, கசிவு வினாடிக்கு 16 அலகு என்று வை. வேகம் 1 என்றால் 8 வினாடி, ஒவ்வொரு வினாடிக்கும் 1 + 16, மொத்தம் 136. வேகம் 4 என்றால் 2 வினாடி, ஒவ்வொன்றுக்கும் 64 + 16, மொத்தம் 160. வேகம் 2 என்றால் 4 வினாடி, ஒவ்வொன்றுக்கும் 8 + 16, மொத்தம் 96. பார்த்தாயா, நடுவில் இருப்பதுதான் மலிவு! வேகம் 1இல் இழுத்துக்கொண்டு போவதைவிட, வேகம் 2இல் முடித்துவிட்டுத் தூங்கப் போவது நல்லது. வேகத்தை 3 என்று வைத்து நீயே போட்டுப் பார். செலவு இன்னும் இறங்குகிறதா, ஏறுகிறதா?

கெடுக்கள் பலவாகி, இடைவெளிகளும் பலவாகிவிட்டால் இது பெரிய தலைவலி. இந்த வேலையைக் கொஞ்சம் வேகமாக முடித்தால் அந்த இடைவெளி நீளும், அங்கே தூங்கலாம். ஆனால் அதற்காக வேகத்துக்குக் கூடுதல் செலவு. ஒன்றைத் தொட்டால் எல்லாம் மாறும். 2012இல் ஆல்பர்ஸ் அம்மையார், அப்போது பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தார், அன்டோனியஸ் அன்டோனியாடிஸ் என்பவரோடு சேர்ந்து இதை ஆராய்ந்து வெளியிட்டார். முதலில் ஒரு கெட்ட செய்தி. மிகச் சரியான விடையை எப்போதும் சீக்கிரம் கண்டுபிடித்துத் தரும் வழி இதுவரை யாருக்கும் தெரியாத கடினமான கணக்குகளின் குடும்பம் ஒன்று உண்டு. இதுவும் அந்தக் குடும்பம்தான் என்று நிரூபித்தார்கள். அடுத்தது நல்ல செய்தி. சீக்கிரமாக முடியும் ஒரு வழியைக் கொடுத்து, அதன் செலவு சிறந்ததைப் போல மூன்றில் நான்கு மடங்கைத் தாண்டாது என்றும் காட்டினார்கள். சிறந்த வழியில் 300 அலகு ஆகும் இடத்தில் இதில் 400க்கு மேல் ஆகாது. நாம் மேலே போட்டோமே, மூன்று முறை பெருக்கிக் கசிவையும் கூட்டும் கணக்கு, அந்த மாதிரி வடிவத்துக்கு இன்னும் நெருக்கம். 1.171 மடங்குக்கும் குறைவு!

மிகச் சரியான விடை கைக்கு எட்டாதபோது, "எவ்வளவு கிட்டே போக முடியும்?" என்று கேட்டு, அந்தத் தூரத்தையும் அளந்து சொல்வது லேசான வேலை இல்லை, கண்ணு. கடினம் என்று தெரிந்ததும் பென்சிலைக் கீழே வைக்காத மனிதர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இந்தக் கணக்கெல்லாம் போனோடு நிற்பதில்லை. நீ பார்க்கும் வீடியோக்கள், தேடும் படங்கள் எல்லாம் எங்கோ பெரிய பெரிய கட்டடங்களில் வரிசை வரிசையாக நிற்கும் கணினிகளிலிருந்து வருகின்றன. அவற்றை டேட்டா சென்டர் என்பார்கள். 2024இல் உலகம் முழுவதும் செலவான மின்சாரத்தில் ஏறக்குறைய 1.5 சதவீதம் அவற்றுக்கே போனது. எந்தக் கணினி இப்போது ஓட வேண்டும், எது தூங்கலாம் என்ற கேள்வி அங்கே ஒவ்வொரு நொடியும் எழுகிறது. அதனால்தான் இந்த ஆராய்ச்சியை நான் இவ்வளவு ஆசையாகச் சொல்கிறேன்.

உனக்கு ஒரு வீட்டுக்கணக்கு. 12 கட்டம் வரைந்துகொள். முதல் வேலை தொடக்கத்தில் வருகிறது, 12ஆவது வினாடிக்குள் முடிய வேண்டும், 5 துண்டு. இரண்டாவது வேலை 2ஆவது வினாடி முடிந்ததும் வருகிறது, 5ஆவது வினாடிக்குள் முடிய வேண்டும், 9 துண்டு. மூன்றாவது வேலை 8ஆவது வினாடி முடிந்ததும் வருகிறது, 12ஆவது வினாடிக்குள் முடிய வேண்டும், 8 துண்டு. கசிவு, தூக்கம் இரண்டையும் இதில் சேர்க்காதே. கத்தரிக்கோல் இரண்டு தடவை வேலை செய்யும். முதல் வெட்டு எங்கே என்று நீயே கண்டுபிடி. கடைசியில் 118 அலகு வந்தால் வீட்டில் எல்லோரிடமும் காட்டு. அதைவிட அதிகம் வந்தால், எந்தக் கட்டத்தில் நெருக்கடியைக் கவனிக்காமல் விட்டாய் என்று திரும்பிப் பார்.